விழித்திருப்பதற்கான சங்கீதம்: காவலூரில் எழுதிய சிற்றிலக்கணம்

டிசம்பர் 13 இரவில் மிதுனராசிப் பக்கமிருந்து எரிமீன்கள் கொட்டத் தொடங்கும். ஆண்டுதோறும் வரும் பொழிவுகளில் மிக அடர்த்தியானவற்றுள் இது ஒன்று. நல்ல இருட்டில், மிதுனம் உச்சிக்கு ஏறும் இரவு இரண்டு மணி வாக்கில், நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கையும் தாண்டிப் போகும். இதைப் பார்க்கத் தொலைநோக்கி உதவாது. அது வானத்தின் ஒரு சிறு துண்டைத்தான் காட்டும். எரிமீனோ எந்தப் பக்கம் கீறப்போகிறது என்று சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரு பாய், ஒரு கம்பளி, முழு வானம், விடியும்வரை மூடாத இரண்டு கண்கள். இவ்வளவுதான் வேண்டும்.

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரில் முதல் மூன்றுக்கும் குறைவில்லை. நான்காவதற்கு வழி கேட்டவள் என் அக்கா மகள். கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள்.

“மாமா, ராத்திரி பூரா பாட்டு போட்டுக்கலாம். ஆனா நீங்க கேக்கிற கச்சேரி வேணாம், பத்து நிமிஷத்துல கண்ணு சொக்குது. கிளாசிக்கல்லயே நல்லா விறுவிறுன்னு இருக்கிறதாப் பாத்து ஒரு பிளேலிஸ்ட் போட்டுக் குடுங்க.”

இதை நான் சிறிய கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ராகத்துக்கு இலக்கணம் இருக்கிறது. தாளத்துக்கு இருக்கிறது. எந்த ராகத்தை எந்தப் பொழுதில் பாடலாம் என்பதற்கும் இருக்கிறது. கேட்பவரை விழிக்க வைப்பது எது என்பதற்கும் ஓர் இலக்கணம் இருந்தாக வேண்டும். மூன்று வாரம் கேட்டும் குறித்தும் பார்த்து, அதை இங்கே வகுத்துத் தருகிறேன்.

முதலில் காதை விட்டுக் கண்ணைப் பார்க்க வேண்டும். மங்கிய ஒளியைக் காணவென்றே விழித்திரையில் கோல் வடிவச் செல்கள் உண்டு. அவற்றில் ரோடாப்சின் என்ற நிறமி இருளில் மெல்ல மெல்லச் சேர்கிறது. அது நிறைய அரைமணி நேரம் ஆகும். ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் அத்தனையும் கரைந்து, மறுபடி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆகவே எரிமீன் எண்ணும் இரவில் பிளேலிஸ்ட்டைத் தொடக்கூடாது. பிடிக்காத பாட்டைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போக முடியாது. ஒலியைக் கூட்டக்கூட முடியாது. எல்லாவற்றையும் இருட்டுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். இங்கே எந்தப் பாட்டு என்பதைவிட எதற்குப் பின்னால் எது என்பதே பெரிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். 1890இல் பிறந்து 1967இல் மறைந்த அவர்தான் இன்றைய கச்சேரி வரிசையை நிலைநிறுத்தியவர் என்று சொல்வது வழக்கம். வர்ணத்தில் தொடங்கி, மத்திமகாலக் கீர்த்தனைகளை அடுக்கிச் சபையைச் சூடாக்கி, நடுவில் பெரிய உருப்படி ஒன்றைத் தனி ஆவர்த்தனத்தோடு வைத்து, கடைசியில் துக்கடாக்களால் இறக்கிவைக்கும் முறை அது. மூன்று மணி நேரம் எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருப்பவரை எப்படி உயிரோட்டமாக வைத்திருப்பது என்று யோசித்தவர் அவர். பாட்டுகளைத் தொகுக்கும் கலையில் தமிழ்நாடு கண்ட பேராசிரியர் அவரே என்பது என் முடிவு. எனக்கு இருந்தது மூன்று மணி நேரமல்ல, எட்டு. மற்றபடி அதே கணக்குத்தான்.

அடுத்து, விறுவிறுப்பு என்றால் என்ன?

வேகம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்து, இருப்பதிலேயே வேகமான உருப்படிகளாகப் பொறுக்கி வரிசையாகப் போட்டுக் கேட்டேன். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு தில்லானாவுக்கும் அடுத்ததற்கும் வேற்றுமை தெரியவில்லை. காது மரத்துப்போயிற்று. கண் இருளுக்குப் பழகுவதுபோல் காது வேகத்துக்குப் பழகிவிடுகிறது, பழகிய பிறகு வேகம் என்பது மழைச்சத்தம்போல் தூங்கவைக்கும் ஒரே சீரான இரைச்சல். வேகத்தைத் தனியாக வைத்துப் பயனில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

விடை மல்லாரியில் இருந்தது. சாமி புறப்படும்போது நாகசுரத்தில் கம்பீரநாட்டையில் வாசிப்பது மல்லாரி. சாகித்யம் கிடையாது. தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று வகைகள் உண்டு. வாசிக்கும் முறையைக் கவனியுங்கள். ஓர் அடியை முதலில் கீழ்க்காலத்தில் வாசிப்பார்கள், யானை நடப்பதுபோல். பிறகு அதே அடியை இரட்டித்து வாசிப்பார்கள். திஸ்ரத்தில் மடக்கிப் பார்ப்பார்கள். நான்கு மடங்குக்கும் கொண்டுபோவார்கள். இத்தனையும் நடக்கும்போது தாளம் போடுபவரின் கை ஓர் இம்மிகூட வேகம் கூட்டுவதில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் உள்ள அதே இடத்தில் ஒரு ஸ்வரம் நின்றது, பிறகு இரண்டு, பிறகு நான்கு. வீடு அதே வீடுதான், உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தவில் அந்த நெருக்கத்தை இன்னும் நெருக்குகிறது. கேட்பவரின் நெஞ்சு படபடப்பது அங்கேதான். ஓடுகிறவனைப் பார்த்து நமக்கு மூச்சு வாங்குவதில்லை. அசையாமல் நிற்பவனைச் சுற்றிக் கூட்டம் நெருங்கினால் வாங்குகிறது.

ஆகவே என் முதல் விதி: தாளம் நிலையாக நிற்க வேண்டும், ஸ்வரங்கள் நெருங்க வேண்டும். தாளமே ஓடினால் அது விறுவிறுப்பல்ல, அவசரம்.

ஐரோப்பிய இசையில் தாளத்தையே முடுக்கிக்கொண்டு போகும் முறை உண்டு. நார்வேக்காரரான க்ரீக், இப்சனின் ‘பேர் ஜின்ட்’ நாடகத்துக்கு 1870களில் எழுதிய மலையரசன் மண்டபக் காட்சி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூனைபோல் தொடங்கி, வேகம் கூடிக் கூடிப் பாய்ந்து முடியும். முதல்முறை கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். ஐந்தாம் முறை, எங்கே முடுக்கப்போகிறார்கள் என்று காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ரவேலின் ‘பொலேரோ’ நேர் எதிர். 1928இல் எழுதியது. ஒரு சிறு பறை, முதலிலிருந்து கடைசிவரை கால்மணி நேரம், ஒரே நடையை மாற்றாமல் தட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேரும். 1930இல் பாரிஸில் இதை நடத்திய டோஸ்கனினி வேகமாக நடத்திவிட்டார். ரவேல் அதை ஏற்கவில்லை, நேரில் சண்டைக்கே போனார். காலப்பிரமாணம் கெட்டால் உயிர் போய்விடும் என்று நம் ஊர் தவில்காரர்கள் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். அந்தச் சண்டையில் நான் முழுக்க ரவேல் பக்கம்.

காவலூரில் இருப்பவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வானியலாளர் வைணு பாப்பு இடம் தேடி அலைந்து, 1960களின் பிற்பகுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இந்தக் காட்டில் தொடங்கிய வானாய்வகத்தில் இரவெல்லாம் நடப்பது என்ன? பூமி 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் ஒருமுறை சுழல்கிறது. அதற்கு ஈடுகட்டி, அதே நிதானத்தில், எதிர்ப்பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஓட்டத்தில் ஒரு துள்ளல் விழுந்தாலும் விண்மீன் புள்ளியாகப் பதியாமல் கோடாக இழுபடும். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்து பாப்புவின் பெயரைச் சூட்டிய 2.34 மீட்டர் கருவிக்கும் இதே தாளம்தான். பரபரப்பான கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்த அசையாத லயத்தின்மேல்தான் வந்து விழுந்திருக்கின்றன.

1977 மார்ச் 10 இரவை எடுத்துக்கொள்வோம். யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகும் இரவு அது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தது. கோள் வந்து மறைப்பதற்கு முன்பே ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த அந்த இரவின் சாட்சிகளில் காவலூரும் ஒன்று. மிருதங்கத்தின் கோர்வை முடிந்து பாட்டின் எடுப்பில் விழும் இடத்தில் கேட்பவர் கண் அயர்ந்தால் என்ன போகுமோ, அது இங்கேயும் போயிருக்கும். யுரேனஸைக் கண்டவரும் சங்கீதக்காரர்தான். வில்லியம் ஹெர்ஷல் படை வாத்தியக் குழுவில் ஓபோ வாசித்தவர், பாத் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், இருபதுக்கு மேல் சிம்ஃபனி எழுதியவர். 1781 மார்ச் 13 இரவு வீட்டுத் தோட்டத்தில் தன் கையால் செய்த தொலைநோக்கியில் அதைக் கண்டார். அவர் தங்கை கரோலின் பாடகி. அண்ணன் மணிக்கணக்கில் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து சோறூட்டியவர். இரவு விழிப்பதற்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு அந்த வீட்டில் நன்றாகவே தெரிந்திருக்கும்.

இனி உருப்படிகளுக்கு வருகிறேன். என் பட்டியலின் முதுகெலும்பு ஒரு ஜோடி. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் ‘ரகுவம்ச ஸுதா’, அதையடுத்து ஹோல்ஸ்டின் ‘செவ்வாய்’.

முதலாவதன் ராகம் கதனகுதூகலம். கதனம் என்றால் போர், போரில் களிப்பது என்று பெயர். சங்கராபரணத்தில் பிறந்தது. ஆனால் ஆரோகணம் படிப்படியாக ஏறாது: ஸ ரி ம த நி க ப ஸ. மத்தியமத்துக்குத் தாவி, தைவதத்துக்குத் தாவி, நிஷாதத்தைத் தொட்டு, அங்கிருந்து காந்தாரத்துக்கு ஒரு பாய்ச்சல். மலைப்பாதையில் கொண்டைஊசி வளைவு எடுத்த வண்டியில் இருப்பவர் வயிறு என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஆதி தாளம் அசையாது. பாலமுரளிகிருஷ்ணா இதே ராகத்தில் ஒரு தில்லானாவும் செய்திருக்கிறார். அதைத் தள்ளி, நள்ளிரவுக்குப் பிறகு வைத்தேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் முதல் பாய்ச்சலின் அதிர்ச்சி வீணாகிவிடும்.

ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ தொகுப்பு முதன்முதலில் லண்டனில் அரங்கேறியது 1918 செப்டம்பர் 29இல். அதில் முதல் பகுதி செவ்வாய். போரைக் கொண்டுவருபவன் என்று தலைப்பு. ஐந்தெண்ணிக்கை. ஐந்து என்றதும் கண்ட சாபு என்று நினைத்துவிடாதீர்கள், பிரிவு வேறு. நரம்பு வாத்தியக்காரர்கள் வில்லின் மரத்தால் தட்டும் அந்த அடியைச் சொற்கட்டாக்கினால் இப்படி வரும்: தகிட, தா, தா, தக, தா. முதல் எண்ணிக்கைக்குள் மூன்றும், நான்காவதற்குள் இரண்டும் அடங்கும். இதைச் சொல்லிக்கொண்டே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். லண்டன் ஆர்க்கெஸ்ட்ரா உங்கள் திண்ணைக்கு வந்துவிடும். இந்த ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படித்து ரிக்வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர், ‘சாவித்ரி’ என்று ஓப்பரா எழுதியவர். போரில் களிக்கும் ராகத்தையும் போரைக் கொண்டுவரும் கோளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எனக்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை.

மற்ற ஐரோப்பியர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவால்டியின் ‘கோடை’ மூன்றாம் பகுதி, பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க்கின் கடைசிப் பகுதி, பேத்தோவனின் ஏழாம் சிம்ஃபனி முடிவு. மூன்றும் விதிக்கு உட்பட்டவை. இளையராஜா தியாகராஜரையும் பாக்கையும் ஒரே வீட்டில் உட்காரவைத்த ‘ஹவ் டு நேம் இட்’ இங்கே பெரிய தொலைநோக்கி திறந்த அதே 1986இல் வந்தது. அதிலிருந்து ஃபியூக் நடையில் உள்ளதை எடுத்துக்கொண்டேன். அது இரண்டு உலகத்துக்கும் நடுவில் வைக்கப் பாலமாக இருந்தது.

இந்த மலையடிவாரத்திலேயே இருக்கும் செல்வத்தைச் சொல்லாவிட்டால் இந்த இலக்கணம் பொய்யாகிவிடும். தெற்கே செங்கம், பத்துப்பாட்டில் நன்னன் ஆண்ட செங்கண்மா. அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழிசொல்லும் மலைபடுகடாம் 583 அடி. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று வாத்தியங்களை அடுக்கித்தான் பாட்டே தொடங்குகிறது. கூத்தர்கள் அவற்றைப் பலாக்காய்க் கொத்துபோல் கட்டித் தூக்கிப்போகிறார்கள். பிறகு மலையில் கேட்கும் ஓசைகளின் நீண்ட வரிசை வருகிறது. அருவி, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, பயிர் காப்பவர்களின் பன்றிப்பறை எல்லாம் அதில் உண்டு. பாட்டின் பெயரே அந்த ஓசையால் வந்தது. இந்த மலைப்பக்கத்து ஒலிகளை ஒருவர் உட்கார்ந்து வரிசைப்படுத்தியது இது முதல் முறையல்ல என்ற நினைப்பு எனக்குப் பெரும் தெம்பு.

திருவண்ணாமலை அருணகிரிநாதரும் பக்கத்து ஊர்க்காரர்தான். திருப்புகழின் சந்தம் வாத்தியம் இல்லாமலே மிருதங்கம் வாசிக்கும். வல்லினமும் மெல்லினமும் மோதுகிற இடத்தில் நாக்கே விரலாகிவிடுகிறது. 1964இல் வந்த ‘அருணகிரிநாதர்’ படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய ‘முத்தைத்தரு’வை நள்ளிரவுக்குச் சரியாகப் பத்து நிமிடம் முன்பு வைத்தேன்.

ஆனால் இரவு முழுக்க ஒரு கூட்டத்தை விழிக்கவைக்கும் வித்தையில் இந்தப் பக்கத்தின் உண்மையான ஆசான் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். சிறுவயதில் நான் பார்த்த கர்ணமோட்சத்தில், மூன்று மணிக்குக் கண் சொக்கும் நேரமாகப் பார்த்துத் திரையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்து நின்றார்கள். பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும். முகவீணை மேலே ஏறி அங்கேயே நின்றது. மிருதங்கம் அதே அடியை விடாமல் வாசித்தது. திரை விலகவில்லை. கிரீடத்தின் நுனி மட்டும் தெரிந்தது, மறைந்தது. பாயில் கிடந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தோம். என் இரண்டாம் விதி அந்தத் திரையிலிருந்து வந்தது: வரப்போவதைத் தெரியவிட்டு, வராமல் வைத்திருக்க வேண்டும். இது சாஸ்திரீய சங்கீதமா என்று கேட்பவருக்கு என் விடை, அதன் ராகங்களும் தாளங்களும் ஆடுபவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாடம். அது போதும்.

மூன்றாம் விதி ஒன்று உண்டு, அது கேட்பவரைப் பற்றியது. சும்மா கேட்பவர் தூங்குவார், தாளம் போட்டுக் கேட்பவர் தூங்க முடியாது. அக்கா மகளுக்கு ஆதி தாளம் எட்டையும் ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வலது கையால் எரிமீனுக்குக் கோடு போட வேண்டும் என்பதால் தாளம் இடது கைக்குப் போயிற்று. பாலக்காடு மணி ஐயரின் தனி ஆவர்த்தனம் ஒன்றை மூன்று மணிக்கு வைத்தது இதை நம்பித்தான். கோர்வை மூன்று முறை சுழன்று எடுப்பில் வந்து விழும்வரை எண்ணிக்கொண்டே போனால், மூளையில் தூக்கத்துக்கு இடம் இருக்காது.

பட்டியலைக் காட்டியபோது அவள் ஓரிடத்தில் மறித்தாள்.

“ரெண்டு மணிக்கு என்ன மாமா இது, தோடி ஆலாபனை? விறுவிறுன்னு கேட்டேனே. இதுல தாளமே கெடையாதே.”

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. என் முதல் விதிக்கு அடங்காதது, தாளமே இல்லாததில் தாளம் எப்படி நிற்கும்? ஆனாலும் நான் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. எட்டு மணி நேரத்தில் ஓரிடத்திலாவது காதிலிருந்து தாளத்தைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் அது திரும்பி வரும்போது வந்தது என்று தெரியும். தவிர அந்தப் பிருகாக்களைக் கேட்ட ஒருவர் அதை மெதுவான சங்கீதம் என்று சொல்லமாட்டார். நெருக்கம் அங்கேயும் இருக்கிறது, நெருங்குவதற்கு ஒரு சுவர் இல்லாமல் இருக்கிறது. அதை இலக்கணத்தில் எங்கே வைப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று வடகிழக்கு மேகம் எட்டு மணிக்கே விலகிவிட்டது. ஒலிபெருக்கியைக் காலடியில் வைத்து, போனைக் கம்பளியில் சுற்றி, பைரவி வர்ணத்தில் தொடங்கினோம், இரண்டு காலத்திலும். நாட்டையில் ‘ஜகதானந்தகாரக’ வந்தபோது முதல் பெரிய எரிமீன் ஓரியனைக் கடந்தது. செவ்வாய் ஒலித்தபோது அவள் ‘தகிட தா தா’ சொல்லிக்கொண்டே கோடு போட்டாள். இரண்டு மணிக்குத் தோடி. மிதுனம் தலைக்கு மேலே. தாளம் இல்லாததால் அவள் இடது கை சும்மா கிடந்தது. அந்த இருபது நிமிடத்தில் மட்டும் அவள் தாளில் முப்பத்தொரு கோடுகள். பேசவில்லை. தனி ஆவர்த்தனம் வந்ததும் கை தானாக எழுந்து எண்ணத் தொடங்கியது.

நான்கு மணிக்கு வடக்கே சப்தரிஷியும் தென்கிழக்கே தாழ்வாகத் தென்சிலுவையும் ஒரே நேரத்தில் நின்றன. பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டரை டிகிரி வடக்கில் இருக்கும் ஊருக்குக் கிடைத்த பாக்கியம் அது. பாலமுரளியின் தில்லானா முடிந்தது. கடைசி உருப்படி மல்லாரி.

“சாமி கௌம்புறப்போ வாசிக்கிறதுன்னு சொன்னீங்க. இதைப் போய்க் கடைசியில வெச்சிருக்கீங்களே மாமா?”

நாகசுரம் கீழ்க்காலத்தில் அடியெடுத்து வைத்தது. கிழக்கே மரங்களின் விளிம்பு பிரியத் தொடங்கியிருந்தது. நான் அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் கம்பளியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, இடது கையில் முதல் தட்டு வைத்தாள்.